உன் இருக்கையில் மணல் மூட்டை

அன்புள்ள டெலோரஸ்,

உடம்பு எப்படி இருக்கிறது? நெவாடாவில் எனக்கு வேலைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

நம் பழைய காரின் ரோட்டரி எஞ்சினைப் பொருத்தி நான் கட்டிய விமானத்தில் நேற்றுப் பறந்தேன். எஞ்சின் கொஞ்சம் சூடானதால் நெடுஞ்சாலையிலேயே இறக்கினேன். ஒரு கீறலும் இல்லை. "கார் எஞ்சின்தானேப்பா, ரோட்டைப் பாத்ததும் இறங்கிருச்சு" என்று கூட்டாளி வெர்லின் சிரித்தான்.

சோதனைப் பறப்புகள் முடியும்வரை விமானத்தில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது. அதனால் உன் இருக்கையில் உன் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டியிருக்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு நீ எவ்வளவு இளைத்துவிட்டாய் என்று உன் தங்கை எழுதியிருந்தாள். மூட்டையைப் பிரித்து அரை வாளி மணலை வெளியே எடுத்தேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பி வை. சூப்பாவது குடி. உன் எடையை இனி நீயே எழுது. தபால் வண்டி வந்துவிட்டது.

எடுத்த மணலை இன்னும் கொட்டவில்லை.

உன் ஆர்லன்