மருதாயி பாட்டு

ஷாதிபூர், போர்ட் பிளேர்

அன்பு மகன் பிரேமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மருமகள் கார்த்திகாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கத் தினமும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மழைதான் விட்டபாடில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி போன புதன்கிழமை பாராடாங் தீவுக்குப் போய் முத்துராஜைப் பார்த்தேன். அவர் மனைவி மருதாயிக்காக நீ காலேஜில் எழுதிய பாட்டை உங்கள் மியூசிக் பேண்டுக்கு அப்புறம் இங்குள்ள பெங்காலிப் பையன்கள் ஹிந்தியில் பாடினார்கள், இப்போது சென்னை பேண்ட் ஒன்று அவள் பெயரை எடுத்துவிட்டு ‘தாயே’ என்று போட்டு ரெக்கார்ட் செய்துவிட்டது என்று கொதித்தாய், கேஸ் போட அவர் கையெழுத்து வேண்டும் என்றாய். எனக்கும் கோபம்தான். பிரசவ வலியோடு போட் ஏறும் ஜெட்டியில் நாலு மணி நேரம் படகுக்குக் காத்திருந்து செத்தவள், நம் தெருவில் வளர்ந்த பெண், அவள் பெயரை எடுக்க இவர்கள் யார் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

மூன்று பேர் பாடியதையும் என் போனில் போட்டுக் காட்டினேன். மருதாயி செத்த அன்று பிறந்த மகள் அபிக்கு இப்போது பத்தொன்பது வயது, அவளும் பக்கத்தில் இருந்தாள். உன் குரல் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். முத்துராஜ் கேஸ் காகிதத்தைத் தொடவே இல்லை. “பேர் போனது எனக்கு நிம்மதிதான் அத்தை. தர்ணான்னாலும் இந்தப் பாட்டு, காலேஜ் ஃபங்ஷன்னாலும் இந்தப் பாட்டு. பாடி முடிச்சதும் எல்லாரும் திரும்பி என் பொண்ணத்தான் பாக்குறாங்க. பிரேம் நல்ல மனசோடதான் எழுதுச்சு, ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே” என்றார். நீ முதலில் அதைப் பாடிய அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள் நான். அப்போது அவர் வீட்டில் காரியம்கூட முடிந்திருக்கவில்லை, அது என் புத்திக்கு எட்டவில்லை.

அபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாட்டுல அம்மா சாகறது மட்டும்தான் இருக்கு பாட்டி. பிரேம் மாமாவும் அம்மாவும் ஒரே ஸ்கூலாமே, அம்மா எதுக்கெல்லாம் சிரிப்பாங்கன்னு அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “அவனுக்குத் தெரியும்” என்றேன்.

திரும்பும்போது முத்துராஜ் ஜெட்டிவரை வந்தார். போட் கிளம்பப்போகும் நேரத்தில், “சென்னைக்காரங்க நாலு மணி நேரங்கிறத ‘நெடுநேரம்’னு மாத்திட்டாங்க. பேர் போனா டீக் ஹை, போகட்டும். அத மட்டும் மாத்தக் கூடாதுன்னு பிரேமச் சொல்லச் சொல்லுங்க. நான் வாட்ச்சப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்” என்றார்.

கேஸ் வேண்டாம் கண்ணா. அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் அவர்களோடு பேசு. அதற்கு முன்னால் முத்துராஜிடம் மன்னிப்புக் கேள், நான் கேட்டுவிட்டுத்தான் போட் ஏறினேன். அவருக்கு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் டவர் கிடைக்கும், மறந்துவிடாதே. மருதாயியைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் அபிக்கு எழுதி அனுப்பு. பாட்டாக வேண்டாம்.

இருவரும் தீர்க்காயுசோடு நன்றாக இருங்கள்.

உன் அம்மா
ரெங்கம்மா