இளவரசனின் ஒற்றைக் காது

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் டர்பன்டைன் வாசம் அடித்தது. உன் பழைய துப்பட்டா. படம் துடைக்க உட்காரும்போது இடுப்பில் சுற்றிக்கொள்வாயே, அது. துவைக்காமலே மடித்து வைத்திருக்கிறேன். அலமாரியை மூடிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக்கூட இப்போதெல்லாம் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிரெஞ்சு இளவரசன் இன்னும் நம் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறான். மட்டாஞ்சேரி பழம்பொருள் கடைச் சேட்டன் உன்னிடம் சுத்தம் செய்யக் கொடுத்த எண்ணெய்ச் சித்திரம். மீசை அரும்பும் வயதில் செத்துப்போனவன், அவன் நினைவுக்காக வீட்டார் வரைய வைத்தது என்று நீதான் சொன்னாய். நீ அழுக்கை எடுக்க எடுக்க, இடப்பக்கத்து முடிக்கு அடியிலிருந்து ஒரு காது வெளியே வந்தது. முறம் மாதிரி விரிந்த காது. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் முடி வரைந்து மூடியிருக்கிறார்கள்.

சேட்டன் தலையில் கை வைத்தார். "எந்தா மோளே இது! ராஜகுமாரன்னு சொல்லி விக்கணும். இந்தச் செவியோட யாரு வாங்குவாங்க?"

"செவி அவனோடது சேட்டா. நான் ஒட்டி வைக்கலை."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய். "அவனுக்குக் காது, எனக்கு எத்துப்பல்லு. ரெண்டு பேரும் வாசல்ல நின்னா திருஷ்டி பொம்மையே வேண்டாம்." சாயா டம்ளரின் விளிம்பில் உன் பல் டிக்கென்று இடித்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "காதை மறைச்சுட்டா அவங்கம்மா யாரைப் பாத்து அழும்?"

முடிக்கு அடியில் மறைந்திருந்த வலது காதைத் தொடுவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

திதிக்குச் சுவரில் மாட்ட, உன் போட்டோவை என் அம்மா கொச்சங்காடி ஸ்டூடியோவில் கொடுத்திருந்தாள். சாயங்காலம் வாங்கப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் திரையில் நீ வெளுத்திருந்தாய். நீ கட்டவே கட்டாத பட்டுப்புடவை. பற்கள் ஒரே வரிசை.

"பல்லு எல்லாம் சரியாக்கிட்டேன்" என்றான் ஸ்டூடியோக்காரன், பெருமையாக.

காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்க சாஃப்ட்வேரில் பிழை தேடுவதுதான் என் வேலை. அந்தப் படத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. உன்னையும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "நாலு பேர் பாக்குற படம்டா. லட்சணமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"எத்துப்பல்லு இருக்கட்டும்மா. அவ சிரிச்சா அதுதான முதல்ல தெரியும்."

 அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சரி, உன் இஷ்டம்."

கொடுத்த படத்தையே அப்படியே பெரிதாக்கி வாங்கி வந்தேன். ஆணி அடிக்கத் தெம்பில்லை. இளவரசனுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குச் சேட்டன் வந்து அவனை எடுத்துப் போகிறார். ஒரு காதோடுதான் போவான். அந்தக் காதை மூட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

சாயா போட்டேன். டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினேன். அந்த டிக் சத்தம் வரட்டும் என்று என் காது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.