காதர் பாயின் கல்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் அலமாரியைக் காலி செய்தவர்கள் ஒரு கண்ணாடிக் குப்பியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஒரு கல், திறந்தால் ஸ்பிரிட் வாடை. யுத்தத் தட்டுப்பாட்டில் புண் துடைக்க ஸ்பிரிட் இல்லை. இதற்கு மட்டும் கழுத்துவரை ஊற்றியிருக்கிறீர்கள். கல் அழுகிவிடுமா என்ன? உங்கள் இரங்கல் கூட்டத்தில் மதுரையே உங்களைக் கைராசிக்காரர் என்றது. நான் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

பூட்டுக்கடை காதர் பாயை நினைவிருக்கிறதா? இருக்காது, உங்களுக்குக் கற்கள்தான் நினைவிருக்கும். பத்து வருஷம் விலா வலியோடு கடை நடத்தியவர். அவர் சிறுநீரகத்திலிருந்து இந்தக் கல்லை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, "எம்புட்டுப் பெருசு பாருய்யா!" என்றீர்கள். உங்கள் உதவி டாக்டரான நான் பார்த்தது அது கிடந்த இடத்தை. உள்சுவரில் வெள்ளையாக ஒரு திட்டு, தொட்டால் கெட்டியாக இருந்தது.

"சார், இதுல ஒரு துணுக்கு வெட்டி மைக்ராஸ்கோப்புல பாக்க அனுப்புவமா?" என்றேன்.

"பத்து வருஷம் கல்லு ஒரசுன எடம், காய்ச்சுப் போயிருக்கு. செருப்புக் கடிச்ச காலயும் வெட்டி அனுப்புவியோ?"

நர்சுகள் சிரித்தார்கள். தைத்து மூடினீர்கள். வழக்கம்போலக் கல்லைக் குப்பியில் போட்டு அவரிடமே கொடுத்தீர்கள். அவரும் பாவம், கடையில் பூட்டுகளுக்கு நடுவே வைத்து வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் புகழ் பாடினார்.

ஆபரேஷன் முடிந்த ஏழாம் மாதம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம், விலாவுக்குக் கீழே கட்டி. இன்னொரு கல் என்று அடித்துச் சொன்னீர்கள். எக்ஸ்ரேயில் கல்லே இல்லை. திறந்து பார்த்தால், புற்று முதுகுத் தசைவரை ஓடியிருந்தது. எடுக்க வழியில்லாமல் மூடினோம். இந்தத் தடவை வெட்டி அனுப்பிய துணுக்குக்குப் பதில் வந்தது: நாள்பட்ட கல் உரசிய உள்தோலில் அபூர்வமாக வரும் புற்று. 'அபூர்வம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கரையேறினீர்கள். காதர் பாய் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

அவருடைய அக்கா குப்பியோடு வந்தார். "இதத்தான எடுத்தீங்க? நீங்களே வச்சுக்கங்க. நோவ எந்தம்பிகிட்டயே விட்டுட்டீங்களே."

வெட்கமே இல்லாமல் வாங்கி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தீர்கள். உங்களை வெறுக்க எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

இப்போது கல் எடுக்கும்போது திட்டைக் கண்டால் யாரையும் கேட்காமல் வெட்டி அனுப்புகிறேன். பெரும்பாலும் வெறும் காய்ப்புதான். கூட நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அன்று காதர் பாய் குளோரோபாம் மயக்கத்தில் கிடந்தார். கத்தி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீங்கள் செருப்பைச் சொன்னதும், நர்சுகளுக்கும் முந்தி, முதலில் சிரித்தவன் நான்.