எங்கள் வாசலுக்கு வந்த தொட்டி

அன்பு மருமகள் சிட்டுவுக்கு உன் மாமா ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

நடந்ததெல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். நகராட்சியை மட்டும் நம்பினால் இந்தத் தெருக் குப்பைக்கு விடிவில்லை, குடியிருப்பவர், கடைக்காரர், குப்பை எடுப்பவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். யாரிடம் என்று கேட்காதே. சொன்னேன்.

அதே மாதிரி குழு போட்டார்கள். தலைவர் உன் அத்தை. எனக்குச் சந்தோஷம்தான். ஒன்பதாவது வரை போனவன் வீட்டில் இருக்க, ஐந்தாவதோடு நின்றவளைப் பிடித்துப் போட்டார்களே என்று மளிகைக்கடைக்காரர்தான் மனசு உடைந்துபோனார்.

இப்போதெல்லாம் வீட்டில் போன் அடித்தால் எனக்கில்லை. சுகாதார ஆய்வாளர் வந்தால், "தலைவரம்மா இருக்காங்களா?" என்கிறார். டீ போடுவது நான். அதிலும் சர்க்கரை குறைவாம். குப்பை வண்டி ஓட்டும் பெண்கூட, அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னைத் தபால்காரனாக்கிவிட்டாள். போன வாரம் நீயும் ஒரு மணி நேரம் அத்தையோடு பேசினாய். பக்கத்தில் நின்று நாலு தடவை இருமினேன், உனக்குக் கேட்கவில்லை போலும்.

பெரிய தகராறு தொட்டியால்தான். சந்துக்குள் வண்டி நுழையாது. அங்கே இருக்கிற வீடுகளின் குப்பைக்கெல்லாம் பொதுத் தொட்டி ஒன்று வேண்டும். யார் வாசலில் வைப்பது? கூட்டத்துக்குக் கூட்டம் இதே சண்டை. கடைசியில் நான்தான் எழுந்து, மாசத்துக்கு ஒரு வாசல், முதல் மாசம் என் வாசல் என்றேன். ஆய்வாளர் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தொட்டி வந்துவிட்டது. நல்ல மூடி, நாற்றமில்லை. தெரு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. உன் அத்தை மட்டும் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். சோறு வைக்கிறாள், இன்னும் வேணுமா என்று கேட்பதில்லை.

அடுத்த தடவை போன் செய்தால் முதலில் என்னைக் கேள். பிறகு அவளிடம், மாமாவுக்கு உங்கள்மேல் ரொம்பப் பெருமை என்று நீயாகச் சொல்வதுபோல் சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் மாமா

பி.கு. எழுந்து சொன்னது நானில்லை, அவள். எல்லார் கையும் மேலே போனது. என் கை மட்டும் சட்டைப்பைக்குள் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு" என்று கூட்டத்தை முடித்துவிட்டாள்.