அக்காவின் எடை நோட்டு

அக்கா,

பெங்களூரிலிருந்து என் ரத்தப் பரிசோதனை முடிவு காலையில் வந்தது. உன் மகள்தான் வாசித்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து உன் பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தேன். அட்டை போயே போய்விட்டது. கையெழுத்து மட்டும் உன்னைப் போலவே யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து நிற்கிறது.

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் என்னைத் தெரியாதவர் இல்லை. ஒன்பது வயதில் அம்மாவின் ரவிக்கை எனக்கு இறுக்கம். சாப்பிட்டுக் கை கழுவும்போதே திரும்பப் பசிக்கும். வீட்டில் திருடித் தின்கிறாள் என்று ஊரே சொன்னது. முதல் முறை நற்கருணை வாங்குகிற புது நன்மை வருஷம் அது. ஞான உபதேச டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "சோத்து மேல இத்தன ஆசையா? போசனப்பிரியம் பெரும்பாவம். தவக்காலத்துல வாயக் கட்டி எளச்சு வா. இல்லீனா ஈஸ்டருக்கு உனக்கு நன்மை கெடையாது."

வெள்ளை கவுனுக்குத் துணிகூட எடுத்தாகிவிட்டது. நான் அழுத அழுகையில் நீதான் பொங்கினாய். "இரு புள்ள, நான் காட்டறேன் இவங்களுக்கு."

உனக்குப் பதிமூன்று. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நோட்டில் கோடு கிழித்து 'அவ', 'நான்' என்று இரண்டு பத்தி போட்டாய். நாற்பது நாளும் எனக்கு விழுந்த களி எவ்வளவோ, அவ்வளவே உனக்கும். வாரம் ஒரு முறை அப்பா மூட்டை தூக்கும் காய்கறி மண்டிக்குப் போய், தக்காளிக் கூடை நிறுக்கும் தராசில் ஏறுவோம். ஆட்கள் சிரிப்பார்கள். நீ முறைத்தால் அடங்கிவிடுவார்கள்.

மூன்றாம் வாரம் பசி தாங்காமல் பானையிலிருந்து வெல்ல உருண்டை எடுத்துத் தின்றுவிட்டேன். உன்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். நீ அடிக்கவில்லை. "எத்தன? நெசத்தச் சொல்லு" என்றாய். நாலு. உனக்கு இனிப்பே ஆகாது, ஆனாலும் நாலையும் என் எதிரிலேயே கடித்துத் தின்றாய். அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் என்னை இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாய். அவர் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார். "வெல்லம் நாலு, வெல்லம் நாலு. இது என்னம்மா?"

"அவ திருடுனதுங்க சாமி. அதுக்குச் சரியா நானும் திருடுனேனுங்க. நாப்பது நாளும் ரெண்டு பேரும் தின்னது ஒண்ணுதான். நான் ரெண்டு கிலோ எறங்கிட்டேன், அவ மூணு கிலோ ஏறிட்டா. பாவம்னா ரெண்டு பேருக்கும்தானுங்க. அவளுக்கு நன்மை இல்லீனா எனக்கும் வேணாமுங்க."

சாமியார் நோட்டை மூடி உன் கையில் கொடுத்தார். மறுநாள் வரிசையில் முதல் ஆளாய் எனக்குத்தான் நன்மை கொடுத்தார். இப்படியொரு அக்கா ஊரில் வேறு எவளுக்கும் இல்லை என்ற திமிர் அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'காரணம்' என்று எழுதி இரண்டு பத்தியையும் காலியாக விட்டிருந்தாய். தெரிந்துகொள்ளாமலேயே கண்ணை மூடிவிட்டாய். இன்று எனக்குத் தெரிந்தது. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்ல வேண்டிய மரபணு எனக்குப் பழுதாம். பட்டினி என்று நினைத்து, தின்ற கொஞ்சத்தையும் உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அப்பாவிடமிருந்து ஒன்று, அவருக்கு அக்கா மகளான அம்மாவிடமிருந்து ஒன்று, வந்த இரண்டுமே பழுது. உன் மகளுக்கும் சோதித்தார்கள். அவளிடம் அதில் ஒன்று இருக்கிறது, உன் வழியாக வந்தது என்கிறார் டாக்டர். ஒன்று மட்டும் என்றால் உடம்பைப் படுத்தாதாம்.

பேனா எடுத்து நிரப்பினேன். அவ: இரண்டு. நான்: ஒன்று.

நோட்டு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன் அக்கா. எனக்கு விழுந்த அளவை நீயும் வாங்கிக்கொள்ளாமல் விட்டது இந்த ஒரு வரியில் மட்டும்தான்.