ஓடைக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 9, செவ்வாய்

புனித ஓட்மார் பள்ளியின் கண்ணாடிக் கதவில் மூக்கை மோதிக்கொண்டேன். அங்கே கதவு இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். எங்கள் ஹாக்கெட் ஃபெர்ரி அரசுப் பள்ளிக் கண்ணாடி என்றால் மூன்று தலைமுறைக் கைரேகை அதில் இருக்கும். குருடன்கூட மோதமாட்டான். கையில் ஹாட் டாக், சட்டை முழுக்கக் கடுகுச் சாஸ், சுற்றிலும் ஓட்மார் பெற்றோர்கள். ஒரு பெண் ஓடி வந்து மூக்கில் ஐஸ் பையை வைத்தாள். காயம் பார்ப்பதற்கென்றே அந்தப் பள்ளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளாம். எங்கள் பிள்ளை விழுந்தால் முடிவெட்டும் ஹார்லன்தான் வருவான். "ஒண்ணும் ஆகல, எந்திரி" என்பான். அதோடு வைத்தியம் முடிந்தது.

கூடைப்பந்தில் நன்றாக உதை வாங்கினோம். அவர்களிடம் அக்காவும் தங்கையுமாக இரண்டு நெட்டைகள். ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து, அதாவது அடுத்த மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அரசுப் பள்ளி என்பதால் எங்களுக்கு எல்லைக்கோடு உண்டு, அதற்குள் குடியிருக்கும் பிள்ளைகள்தான் ஆடலாம். எல்லைக்குள் எத்தனை உயரமான பெண்களைக் கடவுள் பிறக்க வைக்கிறாரோ அத்தனை பேர்தான். ஓட்மாருக்குக் கோடு கிடையாது. மாநிலத்தில் எங்கே முளைத்தாலும் பிடுங்கிக்கொண்டு வந்து நட்டுக்கொள்ளலாம். கோப்பை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

காரில் திரும்பும்போது என் மகள் டெஸ்ஸா ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டிலிருந்து மார்லி: "மிஸ்டர் டி, இன்னிக்கு நம்ம டீமுக்காக ரத்தம் சிந்தின ஒரே ஆள் நீங்கதான்."

ஜனவரி 11

மார்லி ஸ்டக்கி. டெஸ்ஸாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்பவள். எங்கள் அணியில் பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்த ஒரே பெண் என்றும் சொல்லலாம். டெஸ்ஸா அவள் இடத்துக்கு மாற்று ஆட்டக்காரி, பெரும்பாலும் பெஞ்சுதான். (என் உயரம் அவளுக்கு வந்துவிட்டது, பாவம்.) போன கோடையில் மார்லியின் அம்மா யாரோ ஒருத்தனோடு லிக் ஓடைக்கு அந்தப் பக்கம், சக்கரம் வைத்த தகர டிரெய்லர் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லைக்கோடு அந்த ஓடைதான். அதனால் வாரநாளெல்லாம் மார்லி எங்கள் வீட்டில். பள்ளிக்கும் எங்கள் முகவரிதான். ஊரில் பலருக்குத் தெரியும், யாரும் பேசுவதில்லை.

இதில் என்ன தப்பு? வீடு மாறியது அவள் அம்மா. அவள் எங்கேயும் போகவில்லையே.

ஜனவரி 16

நான் வீடு வீடாகச் சமையலுக்கும் சூட்டுக்கும் காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். மூளைக்கு வேலை குறைவு, கண்ணுக்கு அதிகம். இன்று மேட்டுச் சாலையில் அந்த நெட்டைச் சகோதரிகளின் வீட்டைக் கடந்து போனேன். எங்கள் மாநிலத்தில் அவர்களுக்கு இருப்பதாகச் சொல்லும் வீடு. வாசல் பனியில் ஒரு காலடி இல்லை. காஸ் தொட்டியின் அளவு முள் அடியில் கிடக்கிறது. போன வசந்தத்திலிருந்து அது காலி.

முடிவெட்டும் கடையில் சொன்னேன். ஹார்லன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டான்.

"டேய் ரஸ், இந்தக் குளிர்ல காஸ் இல்லாமயா? அதுங்க என்ன, பென்குயினா?"

பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்தால் இங்கே ஆடக்கூடாது, தனியார் பள்ளியானாலும். இன்று மாலையே பத்துப் பேர் என் வீட்டு வரவேற்பறையில். மாநில விளையாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கப்போகிறோம். அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் தனித்தனிக் கோப்பை வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே போகிறது. தலைவர் யார்? காஸ் ரஸ் டோம்பெக். நோரீன் சிரித்துச் சிரித்து இருமினாள். மனைவியாக இருந்தால் அப்படித்தான்.

ஜனவரி 25

டெஸ்ஸாவுக்கும் மார்லிக்கும் சண்டை. உடை மாற்றும் அறையில், எல்லோரும் பார்க்க. மார்லி காய்ச்சலோடு ஆடினாளாம், கோச் டெஸ்ஸாவை இறக்கவே இல்லையாம். டெஸ்ஸா கத்தியிருக்கிறாள்: "உன் வீட்டுக்குப் போய்த் தூங்கேன்டி, ஓடைக்கு அந்தப் பக்கம்!"

இரவுச் சாப்பாட்டில் இரண்டும் ஒரே தட்டு மக்ரோனியைப் பிடுங்கித் தின்றன. முடிந்துவிட்டது.

ஜனவரி 30

கொலம்பஸ் நகரம், வாரியத்தில் விசாரணை. கல்யாண சூட்டின் நடுப் பொத்தானை மூச்சைப் பிடித்துப் போட்டேன், மதியம் அது போய்விட்டது. ஹார்லனும் மற்றவர்களும் நடைபாதையில். சாட்சி சொல்பவன் மட்டும் உள்ளே.

நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். தொட்டி முள்ளைப் பற்றிச் சொன்னேன், பென்குயின் ஜோக்கை ஹார்லனிடமிருந்து திருடினேன். வாரியத்துப் பெரியவர்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். படித்தவர்கள் நான் சொன்னதற்குச் சிரிப்பது— அது ஒரு போதை. வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்?

அப்புறம் ஓட்மார் வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். "உங்க டீம்ல எல்லாருமே எல்லைக்குள்ளதானே, மிஸ்டர் டோம்பெக்?"

நான்: "எங்க பொண்ணுங்களுக்குப் பொய்யா வீடு பிடிக்கத் தெரியாது சார். ஒருத்தி வாரம் பூரா என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளயேதான் குடியிருக்கா. அவங்கம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் சமைக்கறத என் எதிரிக்குக்கூடக் கொடுக்கமாட்டேன்."

பெரிய சிரிப்பு. வக்கீலும் சிரித்தார். "நன்றி, வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போதுதான்— சே, ஒன்றும் இருக்காது. நான் பெயர் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

மேட்டுச் சாலை வீட்டிலிருந்து காஸ் கேட்டு ஆர்டர். வண்டியில் நான்தான். பெட்டிகளோடு அந்த நெட்டைகளின் குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா எனக்குக் காபி கொடுத்தாள், "குளிர்ல பாவம் நீங்க" என்றாள். தொட்டியை வாய்வரை நிரப்பினேன். அவர்களை இந்த மாநிலத்துக்காரர்களாக ஆக்கியது என் குழாய்தான்.

காபி நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 8

தீர்ப்பு.

அந்தச் சகோதரிகள் ஆடலாம், குடும்பம் மேட்டுச் சாலையில் வசிக்கிறது. மார்லி ஸ்டக்கி ஆடக்கூடாது, அம்மா எல்லைக்கு வெளியே. அவள் ஆடி நாங்கள் வென்ற ஆட்டமெல்லாம் தோல்வி. கோப்பைப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கு இடமில்லை. மார்லி எங்கள் பள்ளி மாணவியே இல்லையாம். ஒன்றாம் வகுப்பில் மூக்கொழுக நின்றவள்.

ஓட்மார் ஆள் வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்கிறது. பாலத்தருகே ஒரு சாம்பல் காரைப் பார்த்தேன் என்று ஹார்லன் சத்தியம் செய்கிறான். "பொம்பளப் புள்ளைய வேவு பாக்கறானுங்க, நாய்ங்க! நீ சொல்லு ரஸ்."

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 9

மார்லி தன் துணிகளைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு போனாள். காரில் பின்தொடர்ந்தாலும் பாலம்வரைதான் தெரியும், வாரத்தில் எந்த இரவு எங்கே தூங்குகிறாள் என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தானே தெரியும்— இது அணிப் பெண்களின் கணக்கு. உடை மாற்றும் அறையில் டெஸ்ஸா கத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

வாசலில் மார்லி அவளைப் பார்த்துச் சொன்னது: "மீதி ஆட்டத்துக்கு என் இடம் காலிதான். நல்லா ஆடு."

டெஸ்ஸா அழவில்லை. அடுப்பங்கரையில் என்னிடம் வந்தாள். "அப்பா, அங்க நீ என்ன சொன்ன?"

"காஸ் தொட்டி பத்தித்தாம்மா."

"மார்லி பத்தி?"

"நானா? வாயே திறக்கலையே."

வாயே திறக்கவில்லை. நான்!

பிப்ரவரி 13

எங்கள் மைதானத்தில் ஆட்டம். நேரக் கடிகாரம் என் பொறுப்பு, புள்ளி எழுதுவது ஹார்லன், இருவரும் ஒரே மேசை. டெஸ்ஸா முதல் ஐவரில் இறங்கினாள். கை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளுக்குப் பந்து போடவில்லை. எதிரணிப் பெண்ணே ஒரு தடவை பாவமாகப் பார்த்தாள். ஆட்டம் முழுக்க என் மகள் பந்தைத் தொட்டது, அது வெளியே உருண்டபோது எடுத்துக் கொடுக்கத்தான்.

விநாடிகளை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதானே என் வேலை.

பிப்ரவரி 14

டெஸ்ஸாவின் லாக்கரில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: காட்டிக்கொடுத்தவள். நாளை உண்மையைச் சொல்லிவிடுவேன். முதலில் கோச்சிடம், அப்புறம் மார்லியின் அம்மாவிடம்.

பிப்ரவரி 15

கோச்சுக்கு உடம்பு சரியில்லை. ஓடைப் பாலம் வரை போனேன். பாதை வழுக்கியது.

(வழுக்கவில்லை.)

மார்ச் 3

உணவகத்தில் என் காபிக்குக் காசு வாங்கமாட்டேன் என்கிறார்கள். "நமக்காகக் கொலம்பஸ் வரைக்கும் போய்ப் பேசினவன்" என்று முதுகில் தட்டுகிறார்கள். இப்போதெல்லாம் வீட்டிலேயே குடிக்கிறேன்.

மே 15

தனித்தனிக் கோப்பைக் கோரிக்கைக்கு ஓட்டெடுப்பு. பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத்தான் ஓட்டு, நாங்கள் பின்வரிசையில் பார்வையாளர்கள்.

ஓட்மார் தலைமையாசிரியர் மேடைக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார். ஓட்மார் சீருடையின் நீலக் கோட்டு, வாரிக் கட்டிய முடி. அது மார்லி என்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஒரு ஓடையக் காட்டி இந்தக் குழந்தைய அரசுப் பள்ளி வெளிய தள்ளிச்சு. எங்ககிட்ட ஓடை கிடையாது, கதவுதான் இருக்கு. இதையா நீங்க அநியாயம்னு சொல்றீங்க?"

கைதட்டல் தீர்ந்தபாடில்லை. கோரிக்கை தோற்றது. மார்லி அடுத்த பருவம் முழுக்க அவர்களுக்கு ஆடலாம். வழக்கமாகப் பள்ளி மாறினால் பாதிப் பருவம் வெளியே உட்காரவேண்டும். ஆனால் அவள் எங்கள் மாணவியே இல்லை என்று வாரியம்தான் சொல்லிவிட்டதே? மாணவியே இல்லாதவள் மாறுவது எப்படி? ஆகவே தண்டனை இல்லை.

நான் அவர்களுக்குக் காஸ் மட்டும் கொடுக்கவில்லை.

வழியில் ஹார்லன்: "நம்ம பொண்ணக் காட்டியே நம்மள அடிச்சானுங்கடா." பிறகு, ரொம்ப மெதுவாக: "டெஸ்ஸாவ நீ ஒண்ணும் கேக்காத. சின்னப் புள்ள."

அவனும் அவள்தான் என்கிறான்.

ஆகஸ்ட் 28

டெஸ்ஸா பந்து பழகுவதை நிறுத்தவில்லை. தனியாகத்தான், கார் ஷெட் சுவரில். நோரீன் கேட்டாள்: "அவ சொல்லலன்னு நீ நம்பறியா?"

"நம்பறேன்."

"பின்ன யார்தான் சொன்னா ரஸ்?"

புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் ஊற்றப் போய்விட்டேன். புல் வெட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

டிசம்பர் 17

ஓட்மார் எங்கள் மைதானத்துக்கு வந்தது. மார்லிக்கு எதிராக எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் டிரெய்லர் பாட்டொன்று கட்டிப் பாடினார்கள். அவளுக்கு ஐந்து வயதில் மிட்டாய் கொடுத்தவர்கள். அவர்கள் பாடிய ஒவ்வொரு தடவைக்கும் அவள் ஒரு கூடை போட்டாள்.

மூன்றாவது கால் பாகத்திலேயே கதை முடிந்துவிட்டது. அவளை உட்காரவைத்தார்கள். கூட்டம் விடாமல் பாடியதும், ஓட்மார் கோச் அவளை மறுபடி எழுப்பினார். தேவையே இல்லை. எங்களைக் குத்துவதற்குத்தான்.

மாற்று ஆள் எங்கள் கடிகார மேசைக்கு முன் வந்து மண்டியிட்டுக் காத்திருக்கவேண்டும், ஆட்டம் நிற்கும்வரை. என் கைக்கெட்டும் தூரத்தில் மார்லி. ஆட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"மிஸ்டர் டி."

"சொல்லும்மா."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். டெஸ்ஸா அத ஏன் சொன்னா? நான் அவள என் கூடப் பொறந்தவன்னுதான் நினைச்சேன். திட்டியிருக்கலாம், அடிச்சிருக்கலாம். ஏன் அப்படிப் பண்ணா?"

ஹார்லன் புள்ளி எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்காகப் பதில் சொன்னான்: "விடும்மா. வாய் தவறியிருக்கும். அவங்கப்பனுக்கே அதுல எவ்வளவு வருத்தம்னு பாரு."

பந்து வெளியே போனது. உள்ளே எறியவேண்டியது டெஸ்ஸா. எங்கள் மேசைக்கு எதிரே கோட்டருகில் வந்து நின்றாள். ஹார்லன் சொன்னது அவள் காதில் விழுந்தது. மார்லியைப் பார்க்கவில்லை, ஹார்லனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கேட்கிற பார்வை இல்லை. எல்லாம் தெரிந்துகொண்ட பார்வை. எப்போதிலிருந்து?

கடிகாரம் நின்றிருந்தது. அரங்கத்தில் அந்த நேரத்துக்குப் பாட்டும் இல்லை. மூன்று பேரும் எனக்குக் கேட்கும் தூரத்தில்.

நடுவர் கையசைத்தார். மார்லி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"நல்லா ஆடும்மா" என்றேன்.

அவளிடம் சொல்லாதது இது: சொன்னது நான்தான், மார்லி. அவங்க சிரிக்கணும்னு சொன்னேன்.