கீழே இறக்கி வைத்த படம்

டிச. 14, சனி
மூன்றாம் நாளாக மழை. மதியம் சற்று விட்டது. பாலத்தடியில் ஆறு பழுப்பாக, வேகமாக. காசிம் அண்ணன் உணவகத்தில் அரிசி மூட்டைகளை மாடிக்கு ஏற்றுகிறார். உங்கள் பொருள்களையும் பாருங்கள் என்றார். எங்கள் நூலகமும் அதை ஒட்டிய சின்ன ரப்பர் தோட்ட அருங்காட்சியகமும் ஆறு வருடம் அவர் மாடியில்தான், வாடகை இல்லாமல். போன மாதம் பக்கத்துக் கடையின் கீழ்த்தளத்துக்கு இறக்கினேன். நிதி தருவதாகச் சொன்ன அறக்கட்டளை, படியேறாமல் யாரும் வந்து பார்க்கும் இடமாக வேண்டும் என்றது. நியாயம்தான். அண்ணன் அப்போதே சொன்னார்: "ஆத்துப் பக்கம் டீச்சர். யோசிங்க லா."
யோசிக்கவில்லை.
நாளை காலை போய் எல்லாம் மேலே. முழங்காலுக்குத் தைலம் வாங்க.

16, திங்கள்
போக முடியவில்லை. நேற்று விடியுமுன் ஆறு ஏறிவிட்டது. கோத்தா திங்கி சாலை மூடல். அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம்: எங்கள் கதவு, பாதிக்கு மேல் தண்ணீரில்.

18, புதன்
தண்ணீர் வடிந்தது. ஷட்டரைத் தூக்க மூன்று பேர். சேறு, டீசல் நாற்றம்.
போனவை: புத்தகம் அநேகமாக எல்லாம். தோட்டத்து வருகைப் பதிவேடு இரண்டு. குடும்பங்கள் தந்த படங்கள்.
பிழைத்தவை: ரப்பர் பால் வாளி, வெட்டுக்கத்தி, விடிகாலையில் ஆளெடுக்க அடிக்கும் பிரட்டு மணி. இரும்புக்கு ஒன்றுமில்லை.
படங்களுக்குப் பிரதி இருக்கிறது. அஞ்சலை அக்கா தந்ததற்கு மட்டும் இல்லை. கடைசியாக வந்தது, புது இடத்தின் திறப்பு முடிந்ததும் பிரதி எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அவர் மகன் மணியம், தோட்டத்துப் பந்துக்குழுவோடு. பத்தொன்பது வயதில் லாரி மோதி இறந்தவன். வேறு படம் கிடையாது. தர மனமில்லாதவரிடம் மூன்று முறை போய்ப் பேசி வாங்கியவள் நான்.
சட்டத்தைப் பிரித்தேன். சாயமெல்லாம் கரைந்து கண்ணாடியில் கறையாக. கையில் வெறும் காகிதம்.

19, வியாழன்
வெயில். அஞ்சலை அக்கா வீட்டுக்கு. சொல்லிவிட்டேன். கோப்பி கொண்டுவந்து வைத்தார். பிறகு மெதுவாக, "எங்க வீடு மேட்டுல டீச்சர். இங்க தண்ணியே வரல."
கோபம் இல்லை அந்தக் குரலில். கோப்பியைக் குடிக்காமலே வந்தேன்.

21, சனி
அறக்கட்டளையின் மின்னஞ்சல். சேதப் பட்டியல் அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். பொருள், எண்ணிக்கை, மதிப்பு என்று மூன்று கட்டம். பந்துக்குழுப் படம், ஒன்று. அதற்கு மேல் எழுத வரவில்லை. மூடிவிட்டேன்.

22, ஞாயிறு
தூறல். கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அஞ்சலை அக்கா வந்தார். நாற்காலி இல்லை, மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். கேட்டது வேறு.
"தெனமும் அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அவன் மொகம் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."
இடமிருந்து மூன்றாவது. பச்சைச் சட்டை. கைகளைப் பின்னால் கட்டி. எல்லாம் சொன்னேன். படத்துக்குக் கீழே அட்டையில் நான் எழுதிய மூன்று வரியும் மனப்பாடம். முகம் மட்டும் வரவில்லை. தெரியவில்லை அக்கா என்றேன்.
தலையை ஆட்டினார்.
"எனக்கும் இப்பல்லாம் சரியா வரமாட்டேங்குது. அதான் உங்களக் கேட்டேன்."